கசப்பிலும் எத்தனை வகை!

பீர் என்னும் பானத்தை நான் இன்றுவரை ஒரு மிடறுகூடக் குடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கட்டுரையைப் பாதி படித்ததும், "நல்ல மனுஷன், இப்படி ஆகிவிட்டாரே!" என்று வருத்தப்பட்டு வாசகர்களில் சிலர் எனக்குக் கடிதம் எழுதக்கூடும். என் மனைவியே மேஜைமேல் கிடந்த காகிதத்தில் இரண்டு வரி படித்துவிட்டு, "ஏங்க, எழுதறதுக்கு உங்களுக்கு வேற விஷயமே கிடைக்கலையா? போன மாசம் கத்தரிக்காய், இந்த மாசம் பீரா?" என்று கேட்டாள்.

நான் எழுதப்போவது பீரைப் பற்றி அல்ல. அதற்குக் கசப்பும் வாசனையும் கொடுக்கிற ஹாப்ஸ் என்ற பூவைப் பற்றி. அப்படியானாலும், குடிக்காதவனுக்கு அதைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஹாப்ஸ் வாங்குகிற வியாபாரிகள் அதைக் குடித்துப் பார்த்தா வாங்குகிறார்கள்? காய்ந்த பூக்களை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துப் பரபரவென்று தேய்க்கிறார்கள், கைகளைக் குவித்து மூக்கருகே கொண்டுபோகிறார்கள், கண்களை மூடிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் பரீட்சை. மூக்கு என்னிடமும் இருக்கிறது. சற்றுப் பெரிதாகவே இருக்கிறது.

என் தங்கை இங்கிலாந்தில் கென்ட் மாகாணத்தில் ஃபேவர்ஷாம் என்ற சிற்றூரில் இருக்கிறாள். 2024 செப்டம்பரில் நான் அங்கே போய் மூன்று வாரம் தங்கியிருந்தேன். செப்டம்பர் அங்கே ஹாப்ஸ் அறுவடைக் காலம். தங்கையின் புருஷன், "வாங்க மச்சான், ஒரு தோட்டம் காட்டறேன். கதைக்கு உதவும்" என்று என்னை அழைத்துக்கொண்டு போனார். எழுத்தாளனை எங்கே அழைத்துப் போனாலும் இந்த வார்த்தையைச் சொல்லித்தான் அழைத்துப் போகிறார்கள்.

கொடிக்காலைப் பார்த்தவர்களுக்கு ஹாப்ஸ் தோட்டம் புதிதாக இருக்காது. நம் வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி நிற்கும் இடத்தில் இங்கே உயரமான கம்பங்கள். கம்பங்களின் தலையில் கம்பிவலை. அதிலிருந்து தொங்கும் கயிறுகளைப் பற்றிக்கொண்டு கொடிகள் பதினாறு அடிக்கு மேல் ஏறி நிற்கின்றன. கீழே பசுமையான இருட்டு. வசந்த காலத்தில் தரையிலிருந்து கிளம்புகிற கொடி, வெயில் நன்றாகக் காய்ந்தால் ஒரு நாளில் அரை அடிகூட வளர்ந்துவிடுமாம். அறுத்த பிறகு பனிக்காலம் முழுவதும் மண்ணுக்குள் தூங்கி, அடுத்த வருஷம் மறுபடியும் எழுந்திருக்கும். ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது: இந்தக் கொடி எப்போதும் வலமாகத்தான் சுற்றும். கையால் பிரித்து இடமாகச் சுற்றிவிட்டால் ஏறாமல் அவிழ்ந்து தொங்கும். பிரதட்சிணம் தவிர வேறு அறியாத கொடி!

வெற்றிலையைப் போலவே இதிலும் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. வேண்டியது பெண் கொடியின் பூ மட்டும். பூ என்றால் மல்லிகை ரோஜா மாதிரி அல்ல. பச்சை இதழ்கள் ஓடுமாதிரி அடுக்கடுக்காகக் கவிந்த சிறு கூம்பு. அதைப் பிய்த்துப் பார்த்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாழம்பூ மகரந்தம்போல விரலில் பிசுபிசுக்கிறது. லூபுலின் என்று பெயர். பீரின் கசப்பும் மணமும் இந்தப் பொடியில்தான் இருக்கின்றன.

தோட்டக்காரர் எழுபது வயதுக்கு மேற்பட்டவர். ஒரு பூவைப் பறித்து என் கையில் வைத்துத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். முகர்வதற்கு முன் ஒரு கணம் என் கை தயங்கியது.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. எனக்கு ஒரு தாய்மாமன் இருந்தார். 1981-ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு நீங்கிச் சாராயக் கடைகள் திறந்தபோது அவருக்கு முப்பது வயது இருக்கும். மிகவும் நல்லவர், என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போவார். எங்கள் வீட்டில்தான் இருந்தார். இரவில் அவர் வந்து துண்டைத் திண்ணைக் கம்பியில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போவார். அம்மா ஓசைப்படாமல் வந்து அந்தத் துண்டை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவள் முகத்தைப் பார்த்தே அன்றைக்கு எப்படி என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். என்றைக்காவது ஒரு நாள் அந்த முகம் தெளிந்திருந்தால், வீடே மூச்சுவிடும். மாமா 1987-ல் போய்விட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. மதுவைப் பற்றி எனக்கு இருக்கிற ஞானமெல்லாம் மூக்கு வழியாக வந்ததுதான்.

ஆனால் கென்டில் என் உள்ளங்கையிலிருந்து எழுந்த மணத்துக்கும் அந்தத் துண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காய்ந்த வைக்கோல், எலுமிச்சைத் தோல், கொஞ்சம் மரிக்கொழுந்து, ஈர மண். எல்லாவற்றுக்கும் அடியில் வேப்பம்பூவை நினைவூட்டுகிற ஒரு கசப்பு. இந்தக் கொடியும் ஒரு குற்றவாளி என்ற நினைப்போடுதான் தோட்டத்துக்குள் போயிருந்தேன். முகர்ந்த பிறகு அந்த வழக்கு நிற்கவில்லை. போதைக்கும் இந்தப் பூவுக்கும் தொடர்பில்லை. போதையை உண்டாக்குவது தானியத்தின் சர்க்கரையும் ஈஸ்ட்டும். பூவுக்கு வேறு வேலை.

என்ன வேலை? ஜெர்மனியில் 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹில்டகார்ட் என்ற கன்னிமாடத்துத் தலைவி எழுதிவைத்திருக்கிறார்: இந்தச் செடி மனிதனின் மனசைச் சோகத்தில் ஆழ்த்தும், ஆனாலும் இதன் கசப்பு பானங்களைக் கெடாமல் காக்கும். பின்பாதி முழு உண்மை. பாலைத் தயிராக்குகிற இனத்துப் பாக்டீரியா பீரைப் புளிக்கவைக்காமல் இந்தக் கசப்பு தடுத்துவிடுகிறது. அதனால்தான் கும்பினிக் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பந்திகளுக்காகச் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் கப்பலேறி வந்த பீரில் ஹாப்ஸைத் தாராளமாகப் போட்டார்கள். அந்த ரகத்துக்கு 'இந்தியா பேல் ஏல்' என்று நம் தேசத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது. இந்தக் கௌரவத்துக்கு நாம் எதுவும் செய்யவில்லை; தூரத்தில் இருந்தோம், அவ்வளவுதான்.

கசப்பு ஒன்று, மணம் ஒன்று. இரண்டுக்கும் சுபாவம் வேறு. கசப்பைத் தருகிற அமிலம் ஒரு மணி நேரம் கொதித்தால்தான் பானத்தில் இறங்கும். மணத்தைத் தருகிற எண்ணெயோ அவ்வளவு நேரம் கொதித்தால் ஆவியாகப் போய்விடும். ஆகையால் கசப்புக்கு ஒரு வகைப் பூவை முதலிலேயே போட்டுக் கொதிக்கவிடுவார்கள். மணத்துக்கு வேறொரு வகையை இறக்கும் சமயத்தில் போடுவார்கள். ரசத்தில் கொத்தமல்லியை எப்போது போடவேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இனி வகைகளுக்கு வருகிறேன். வெற்றிலையில் கற்பூரி, பச்சைக்கொடி, வெள்ளைக்கொடி என்று இருப்பதைப்போல ஹாப்ஸிலும் எத்தனையோ உண்டு. நான் முதலில் முகர்ந்தது கோல்டிங். கிழக்குக் கென்டின் பெருமை அது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோல்டிங் என்ற பெயர்கொண்ட ஒரு விவசாயி தன் தோட்டத்தில் நல்ல கொடி ஒன்றைப் பார்த்துப் பொறுக்கிப் பெருக்கினாராம். அதன் வாசனை அடக்கமானது. நல்ல குடும்பத்துப் பெரியம்மா மாதிரி. கூடத்துக்கு வரமாட்டாள், ஆனால் வீட்டில் எல்லாம் அவள் சொல்படி நடக்கும்.

அடுத்தது ஃபக்கிள். ரிச்சர்ட் ஃபக்கிள் என்பவர் 1875-ஆம் ஆண்டை ஒட்டி ஊருக்குக் கொடுத்ததாகச் சொல்வார்கள். யாரோ சாப்பாட்டுக் கூடையை உதறியபோது விழுந்த விதையிலிருந்து முளைத்த கொடி என்று ஒரு கதை. ஆராய்ச்சிக்காரர்கள் இப்போது அதை நம்புவதில்லை. கதை நன்றாக இருப்பதால் நான் அதைக் கைவிடத் தயாராயில்லை. ஃபக்கிளின் மணத்தில் மரப்பட்டையும் மண்ணும் புல்லும் இருக்கின்றன. மழை விட்டபின் தோப்புக்குள் நுழைந்த மாதிரி.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். நல்ல ஹாப்ஸை விதை போட்டு வளர்ப்பதில்லை. விதை போட்டால் பிள்ளை தாயைப்போல இருக்காது. முருங்கைப் போத்து நடுகிறோமே, அதைப்போலக் கொடியிலிருந்தோ வேர்த்தண்டிலிருந்தோ துண்டு வெட்டித்தான் நடுகிறார்கள். அப்படியென்றால் கென்டில் இருந்த லட்சக்கணக்கான ஃபக்கிள் கொடிகளும் தனித்தனிக் கொடிகள் அல்ல, ஒரே கொடிதான். தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் வெட்டி வெட்டி நட்டு, ஒரே ஒரு பெண்ணைச் சாகவிடாமல் வைத்திருந்தார்கள். இதைத் தோட்டக்காரர் போகிறபோக்கில் சொன்னார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் ஹாப்ஸில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஃபக்கிளாகவே இருந்தது. அதைப் பறிக்கக் கூலிக்காரர்கள் லண்டனின் கிழக்குப் பேட்டைகளிலிருந்து ரயிலேறி வருவார்கள். தாய்மார்கள், கிழவிகள், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட குழந்தைகள், சட்டி பானை, படுக்கை என்று குடும்பத்தோடு வந்து தகரக் கொட்டகைகளில் மூன்று நாலு வாரம் தங்குவார்கள். புகையும் இருட்டுமான சந்துகளில் கிடந்தவர்களுக்கு அதுதான் வருஷத்தில் ஒரே ஒரு உல்லாசப் பயணம். கூலி மரக்கால் கணக்கில். அளக்கிறவன் பூவை அமுக்கி அளந்தால் அன்றைக்குச் சண்டை. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்கூட 1931-ல் இந்த வேலைக்குப் போய்க் கை கறுத்துத் திரும்பியிருக்கிறார். ஹாட்லோ என்ற ஊரின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு ஞாபகச் சின்னம் இருக்கிறது. 1853 அக்டோபரில் மெட்வே நதியில் வெள்ளம் வந்த சமயம், பறித்துவிட்டுத் திரும்பிய ஆட்களை ஏற்றி வந்த வண்டி ஹார்ட்லேக் மரப்பாலத்தில் கவிழ்ந்து முப்பது பேர் இறந்தார்கள். அந்தச் சின்னத்தை ஹாப்ஸ் உலர்த்தும் சூளைவீட்டின் வடிவத்திலேயே கட்டியிருக்கிறார்கள். 1960-களில் பறிக்கும் யந்திரங்கள் பரவின. ரயிலில் வருகிற கூட்டம் நின்றுபோயிற்று. சூளைவீடுகள் பல இன்று பணக்காரர்களின் குடியிருப்பு.

ஃபக்கிளுக்கும் கஷ்டம் வந்தது. 1920-களிலிருந்து வேர் வழியாகப் புகுகிற ஒரு வாடல் நோய் கென்டில் பரவத் தொடங்கியது. எல்லாம் ஒரே கொடி என்று சொன்னேன் அல்லவா? ஒன்றுக்குத் தாங்காதது எதற்கும் தாங்காது. தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தது. ஜெர்மனியில் ஹாலர்டாவ் பிரதேசத்துப் பழைய வகையான மிட்டல்ஃப்ரூவுக்கும் இதே நோயினால் இதே கதி. அந்தக் கண்டத்துக் குலப்பெருமை வகைகளில் போஹிமியாவின் ஸாட்ஸ் மட்டும் பழைய இடத்திலேயே பெரிதாக உட்கார்ந்திருக்கிறது. 1842-ல் பில்சன் நகரில் பிறந்த பொன்னிற பீருக்கு மணம் கொடுத்தது அதுதான். கசப்பமிலம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். மணம் மிளகும் மூலிகையும் கலந்த மென்மை. அந்த வட்டாரத்தின் தோட்டங்களையும் கிடங்குகளையும் 2023-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. அதே 2023-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, கோடை வறட்சியினால் ஐரோப்பிய மண வகைகளின் விளைச்சலும் கசப்பும் 2050-க்குள் இன்னும் குறையும் என்று கணக்குப் போட்டிருக்கிறது.

எனக்கு இவற்றில் எல்லாவற்றையும்விடப் பிடித்த கதை ஸால்மன் என்ற பேராசிரியருடையது. அதைக் கொஞ்சம் சாவகாசமாகச் சொல்ல அனுமதிக்கவேண்டும்.

கென்டில் வை என்ற ஊரில் ஒரு விவசாயக் கல்லூரி இருந்தது. 2009-ல் மூடிவிட்டார்கள். எர்னஸ்ட் ஸ்டான்லி ஸால்மன் அங்கே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்ந்தவர். பூசண நோய்களைப் படித்தவர். புதிய ஹாப்ஸ் வகைகளை உண்டாக்கவேண்டும் என்று அவருக்கு ஒரு பைத்தியம். 1916-ல் கனடாவின் மானிடோபா மாகாணத்திலிருந்து ஒரு காட்டு ஹாப்ஸ் கொடியின் துண்டு அவருக்கு வந்து சேர்ந்தது. ஓடைக்கரைப் புதரில் கவனிப்பாரற்றுக் கிடந்த ஜாதி. தோட்டத்தில் அதை நட்ட குழியின் எண்ணையே, பிபி 1 என்று, அதற்குப் பெயராக வைத்தார். 1918-ல் அது விதை கொடுத்தது. அந்தப் பனிக்காலத்திலேயே செத்துப்போயிற்று. விதைகள் மட்டும் மிஞ்சின. 1919-ல் அவற்றை முளைக்கவைத்தார்.

முளைத்த பிள்ளைகளில் ஒன்றுக்குப் பிரூவர்ஸ் கோல்டு என்று பிற்பாடு பெயர் வந்தது. 1934-ல் அது வெளியுலகுக்கு வந்தபோது, கசப்பில் பழைய ஆங்கில வகைகளைப்போல இரண்டு மடங்கு இருந்தது. ஆலைக்காரர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருக்கவேண்டும். அவர்களோ மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். "அமெரிக்க வாடை!" என்றார்கள். கறுப்புத் திராட்சை மாதிரி ஒரு நெடி. சிலர் இன்னும் வெளிப்படையாகப் பூனையின் மூத்திரம் என்றார்கள். கசப்புக்காகக் கொஞ்சம் போட்டுக்கொண்டார்கள். வாசனை மேலே தெரியாதபடி பார்த்துக்கொண்டார்கள். ஸால்மன் விடவில்லை. விதை, முளை, பொறுக்கல், கழித்தல் என்று நாற்பது வருஷத்துக்குமேல் அதே வேலை. அவர் 1959-ல் காலமானார். அந்த நெடிக்கு அப்போதும் மதிப்பு வரவில்லை.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தில் 1956-ல் சேகரித்த விதையிலிருந்து ஒரு கொடி வந்தது. தாய்வழியில் நம் ஃபக்கிளும் ஒரு ருஷ்ய வகையும். தகப்பன் யார் என்று தெரியாது. பதினாறு வருஷம் சோதனையில் கிடந்து 1972-ல் காஸ்கேடு என்ற மலைத்தொடரின் பெயரோடு வெளிவந்தது. அதைத் தேய்த்தால் பம்பளிமாஸ் பழத்தோல் கிள்ளினது போல இருக்கிறது. பழைய மூக்குகளுக்கு இதுவும் குற்றம்தான். ஆனால் 1975-ல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் ஆங்கர் ஆலையும், 1980-ல் கலிபோர்னியாவிலேயே ஸியரா நெவாடா என்ற சிறு ஆலையும் அந்த வாசனையை மறைக்காமல் முன்னால் நிறுத்தின. ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. இன்று உலகம் முழுவதும் இளைஞர்கள் தேடிப்போய் வாங்குகிற பீர்களில் இந்த வாசனைதான் விலைபோகிறது. சிட்ரா என்று ஒரு வகை இருக்கிறது. மாம்பழமும் எலுமிச்சையும் கலந்த மணம் என்கிறார்கள். அதன் வம்சாவளியைப் பார்த்தால் ஜெர்மன் மிட்டல்ஃப்ரூவுக்குப் பக்கத்தில் பிரூவர்ஸ் கோல்டும் உட்கார்ந்திருக்கிறது! ரசாயனக்காரர்கள் சொல்வது இன்னும் வேடிக்கை: பூனை நெடிக்கும் பழ மணத்துக்கும் காரணம் ஒரே கந்தகப் பொருள். எள்ளளவு இருந்தால் பழம். சற்று மிஞ்சினால் பூனை.

இன்றைய அதிகக் கசப்பு வகைகளில் பெரும்பாலானவை அந்த மானிடோபாக் கொடியின் வாரிசுகள். மூன்றாவது பனிக்காலத்தைக்கூடத் தாங்காத கொடி!

பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு இந்தக் கதை ஏன் பிடிக்கிறது என்று விவரிக்க வேண்டாம். "வாசனை நம் வாசகர்களுக்கு ஒத்துவராது" என்று திரும்பி வந்த கதைகள் என் பெட்டியிலும் நாலைந்து உண்டு. அவையெல்லாம் பிரூவர்ஸ் கோல்டு என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பாதி நிச்சயமாகப் பூனைதான்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை. மாப்பிள்ளைக்குச் சனிக்கிழமை ஒரு பாட்டில், அதற்குமேல் கிடையாது. தங்கை கல்யாணத்தின்போதே போட்ட ஒப்பந்தம் அது. அவளும் அந்தத் திண்ணையில் வளர்ந்தவள்தானே! காஸ்கேடு போட்ட பீர் என்று பாட்டிலைக் காட்டி, கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, "குடிக்கவேண்டாம் மச்சான், இத்தனை தோட்டம் சுத்தினீங்க, முகர்ந்தாவது பாருங்க" என்று என் முன்னால் வைத்தார்.

முகர்ந்தேன். முதலில் பம்பளிமாஸ், சந்தேகமில்லாமல் அதேதான். பிறகு பூ, கொஞ்சம் பைன் பிசின், வறுத்த தானியத்தின் இனிப்பு. இன்னும் சற்றுக் குனிந்தேன். அடியில், வெகு அடியில், மாமாவின் துண்டு இருந்தது.

தம்ளரை மாப்பிள்ளை பக்கம் நகர்த்தினேன். தங்கை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அம்மாவின் முகத்தை நாங்கள் பார்ப்போமே, அந்த மாதிரி.

"பூ நல்ல பூதான், மாப்பிள்ளை" என்றேன்.

"மோர் கொண்டுவரட்டுமா அண்ணா?" என்றாள் தங்கை.

"கொண்டு வாம்மா" என்றேன்.